வளைகுடா முதலாளி கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டால் எந்தச் சட்டத்தைக் காட்டி மனு எழுதுவது?

வளைகுடாவில் சம்பளமும் கடவுச்சீட்டும் இல்லாமல் தவிக்கும் ஒருவருக்காக மனு எழுத உட்காருபவர், அந்த நாடு எந்த உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஐ.நா. 1990இல் நிறைவேற்றிய புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு, சட்டப்படி அதிகாரம் பெற்ற அரசு அலுவலரைத் தவிர வேறெவரும் அடையாள ஆவணங்களைப் பறிக்கக் கூடாது என்கிறது. இலங்கை 1996இலேயே அதில் சேர்ந்துவிட்டது. இந்தியாவும் வளைகுடா நாடுகளும் சேரவில்லை என்பதால், அதை மட்டும் நம்பிய மனு அங்கே எடுபடாது.

கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 29ஆம் உடன்படிக்கையே நல்ல பிடிமானம். ஆறு வளைகுடா நாடுகளும் அதை ஏற்றிருக்கின்றன. கடவுச்சீட்டை வைத்துக்கொள்வதையும் சம்பளத்தை நிறுத்திவைப்பதையும் கட்டாய உழைப்பின் அடையாளங்களாக அந்த அமைப்பே வகுத்துள்ளது. இது வெறும் ஏட்டுச்சுரைக்காய் அன்று. 2014இல் தொழிலாளர் பிரதிநிதிகள் கத்தார்மீது இதன்கீழ் தொடுத்த புகார், அந்நாடு சீர்திருத்தங்களுக்கு ஒப்புக்கொண்ட பின்னரே 2017இல் முடித்துவைக்கப்பட்டது. வேலை மாற முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதி 2020இல் நீக்கப்பட்டது. உள்நாட்டுச் சட்டத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்: கத்தாரின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடவுச்சீட்டைப் பிடித்துவைப்பவருக்கு 25,000 ரியால் வரை அபராதம் உண்டு.

தனியொருவர் அந்த அமைப்பிடம் நேரடியாக முறையிட முடியாது. தொழிற்சங்கத்தின் வழியாகவே போக வேண்டும். சங்கம் கேட்பது ஆதாரம். "கொடுமைப்படுத்துகிறார்கள்" என்ற ஒரு வரியைவிட, எந்தத் தேதியில், யார் கையில், என்ன காரணம் சொல்லிக் கடவுச்சீட்டு வாங்கப்பட்டது, எந்தெந்த மாதச் சம்பளம் எத்தனை ரியால் பாக்கி என்ற விவரங்களே வழக்கைத் தாங்கும். ஊரில் முகவர் கொடுத்த தாளில் ஒரு சம்பளமும், போய் இறங்கிய பின் அரபியில் கையெழுத்து வாங்கிய தாளில் வேறொரு சம்பளமும் இருப்பது பலருக்கும் நேர்வது. இரண்டையும் படமெடுத்து வீட்டாரின் கைபேசிக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

தூதரகத்தைத் தடையின்றித் தொடர்புகொள்ளும் உரிமையை 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தருகிறது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தினரே ஊரிலிருந்து புகாரைப் பதியலாம். புகார் பதிவாகும் முன் வேலையிடத்தைவிட்டு வெளியேறுவதுதான் பெரும் ஆபத்து. சவுதியில் கஃபீல் (விசாவுக்குப் பொறுப்பான முதலாளி) முந்திக்கொண்டு 'ஹுரூப்' (வேலையைவிட்டு ஓடிவிட்டார் என்ற புகார்) போட்டுவிட்டால், சம்பளத்தைக் கேட்க வேண்டியவரே தப்பியோடியவராகத் தேடப்படுவார்.