விசுவாசக் குறைவு என்று தீர்ப்பிடும் முன்

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு ஜெபக்கூட்டத்தில், வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமற்றுப்போன ஒருவர் “ஜெபிக்கவே முடியவில்லை” என்று மெல்லச் சொன்னால், “விசுவாசம் குறைந்துவிட்டது, உபவாசமிருந்து ஜெபியுங்கள்” என்ற பதிலே பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கிறது. நல்லெண்ணத்தில் சொல்லப்படும் அந்தப் பதிலில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. மனத்தை ஒருமுகப்படுத்தும் ஆற்றலை மனச்சோர்வு குலைத்துவிடுவதால், வேதாகமத்தில் ஒரு சங்கீதத்தை வாசித்து முடிப்பதுகூட அவருக்குப் பெரும்பாடாகிறது. நோயின் குறியைப் பாவத்தின் குறியாக எண்ணி, ஏற்கெனவே குற்றவுணர்வில் அமிழ்ந்திருப்பவர்மேல் மேலும் ஒரு பாரத்தை ஏற்றிவிடுகிறோம். அத்துடன், சரியாகச் சாப்பிடாதவரைப் பட்டினி போடுகிறோம். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் “போதும் கர்த்தாவே” என்று சாவை வேண்டிய எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

தாம் சுகமானதைச் சபையில் சாட்சியாகச் சொல்லும் வழக்கத்திலும் கவனம் வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். குணமான பிறகும் நோய் திரும்பாதிருக்கப் பொதுவாக ஆறு மாதங்களாவது தொடரச் சொல்வார்கள். இந்த இடைவெளியில்தான் “மாத்திரையைத் தூக்கி எறிந்தேன், சுகமானேன்” என்ற சாட்சி ஒருவர் காதில் விழுகிறது. அவரும் திடீரென நிறுத்துகிறார். தலைச்சுற்றலும் தூக்கமின்மையும் பதற்றமும் வந்ததும், தன் விசுவாசம் பொய்யென்று எண்ணிக்கொள்கிறார். நிறுத்துவதாயினும் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரைக்காகப் போகிறவரிடம் விசுவாசத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறவர் மட்டும் சபையார் கண்ணில் படாமல் போய்வர வேண்டியிருக்கிறது. வில்லியனூர் மாதா கோவிலில் நேர்த்திக்கடன் வைப்பதும் வேளை தவறாமல் மாத்திரை போடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. (பவுலோடு ஊழியம் செய்த லூக்காவே வைத்தியர்தான்.)

எடுத்த எடுப்பிலேயே பிசாசின் கட்டு என்று முடிவு கட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

மிக ஆபத்தான தவறு, சாவைப் பற்றிப் பேசுகிறவரை “அது பாவம், வாயால் சொல்லாதே” என்று அடக்குவது. அதன்பின் அவர் சொல்வதை நிறுத்துவாரேயன்றி, நினைப்பதை நிறுத்தமாட்டார். சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. கடும் மனநலக் குலைவு, தற்கொலை செய்துகொள்பவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2282-ஆம் பத்தியே கூறுகிறது. வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் தற்கொலை முயற்சியை மறைக்கவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, அதில் ஈடுபட்டவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருதப்படுவார். எதிராக நிரூபிக்கப்பட்டாலன்றி அவர் தண்டிக்கப்படமாட்டார். அப்படிப்பட்டவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்திவிட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; பேச ஆள் வேண்டுமானால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.