இதய அறுவைக்குப் பின் மார்புக் குழாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதய அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளியின் மார்பிலிருந்து ஒன்றிரண்டு குழாய்கள் இறங்கி, கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டியில் போய்ச் சேரும். இதயத்தையும் நுரையீரலையும் சுற்றித் தேங்கும் இரத்தத்தையும் காற்றையும் வெளியேற்றுவதே அவற்றின் வேலை. அந்தப் பெட்டியில் இரத்தம் விழுவது குறைந்ததுமே கசிவு நின்றுவிட்டது என்று நிம்மதி அடைவதுதான் மிகப் பெரிய தவறு.

படிப்படியாகக் குறைந்தால் நல்லதே. ஆனால், மணிக்கு 100 மில்லிலிட்டர் வந்துகொண்டிருந்த குழாய் திடீரென வறண்டுபோனால், உள்ளே இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதா என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். வழியின்றித் தேங்கும் இரத்தம் இதயத்தை வெளியிலிருந்து அழுத்தும். இரத்த அழுத்தம் இறங்கும், நாடி வேகமாகும், சிறுநீர் குறையும். 'கார்டியாக் டாம்பொனேட்' எனப்படும் இந்த நிலை உயிருக்கே ஆபத்தானது.

அடைப்பை எடுக்கக் குழாயை விரல்களால் இறுக்கிப் பிடித்து நீளவாக்கில் உருவுவது பழைய பழக்கம். பெட்டியில் வழக்கமாக வைக்கும் உறிஞ்சு அழுத்தம், நீர்மட்ட உயரத்தில் சொன்னால், 20 செ.மீ. அளவுதான்; உருவும்போதோ அது நூற்றுக்கணக்கான செ.மீ. அளவுக்கு எகிறித் திசுக்களைக் காயப்படுத்தக்கூடும். அறுவைக்குப் பின் விரைந்து குணமாவதற்கான நெறிமுறைகளை வகுக்கும் 'இராஸ்' (ERAS) மருத்துவ அமைப்பு 2019இல் வெளியிட்ட இதய அறுவை வழிகாட்டுதலும் இதைப் பரிந்துரைக்கவில்லை. குழாயின் இணைப்பைத் திறந்து உள்ளே சுத்தம் செய்வதும் கிருமித்தொற்றுக்கு இடம் கொடுக்கும். குழாய்க்குள் இருக்கும் மெல்லிய கம்பியை வெளியிலிருந்து காந்தத்தால் நகர்த்தி, உறைந்த இரத்தத்தை அகற்றும் குழாய்கள் இப்போது உண்டு.

கருவி எதுவாயினும், கட்டிலோரம் குழாய் ஊஞ்சல் கயிறுபோல் தொங்கி, அந்த வளைவில் இரத்தம் தேங்கி நின்றால் வடிதல் தடைபடும். பார்க்க அற்பமாகத் தோன்றும் இந்த வளைவைத்தான் நான் முதலில் கவனிக்கச் சொல்வேன். நோயாளியை இடம் மாற்றும்போது பெட்டியை மார்பு மட்டத்துக்கு மேல் தூக்கவோ சாய்க்கவோ கூடாது. மருத்துவர் சொல்லாமல் குழாயைக் கிளிப் போட்டு அடைக்கவும் கூடாது. நுரையீரலில் காற்றுக்கசிவு இருக்கையில் அடைத்தால், வெளியேற வழியற்ற காற்று நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும்.

நுரையீரல் பக்கக் குழாயாக இருந்தால், பெட்டியின் நீர் அறையில் மட்டம் மூச்சோடு ஏறி இறங்கும். இதயத்தருகே மட்டும் வைத்த குழாயில் அப்படித் தெரியாமல் இருக்கலாம். அதற்காகப் பதற வேண்டியதில்லை.

குழாய் இருக்கிறதே என்று நோயாளி அசையாமல் படுத்திருப்பதும், வலியைச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டு மேலோட்டமாக மூச்சுவிடுவதும் சளியைத் தேக்கி நுரையீரலைச் சுருங்கவைக்கும். வலி மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி இருமி, செவிலியர் துணையுடன் எழுந்து நடக்க வேண்டும்.

குழாயை எடுத்த பிறகும், வீடு திரும்பிய பிறகும் சில வாரங்கள்வரை இதயத்தைச் சுற்றி நீர் சேரலாம்; இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். படுத்தால் மூச்சுத்திணறல், தலைசுற்றல், காரணம் புரியாத சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.