பாடக்குறிப்புல "ஸ்மார்ட் போர்டு"ன்னு எழுதினா மட்டும் போதுமா? புது டீச்சர்ஸ் பண்ற தப்புங்க

டீச்சிங் பிராக்டிஸுக்கு வர்ற பி.எட். பசங்களோட நோட்ஸ் ஆஃப் லெசனை பாத்து கையெழுத்து போடறது எங்க ஸ்கூல்ல என் வேலை. துணைக்கருவிகள்ங்கற கட்டத்துல நாங்க அந்தக் காலத்துல "சார்ட், மாதிரி"ன்னு எழுதுவோம், இவங்க "ஸ்மார்ட் போர்டு, வீடியோ, சிமுலேஷன்"னு எழுதறாங்க, மத்தபடி எல்லாம் அப்படியேதான் இருக்கு. சார்ஜர் மறக்கறது, பிபிடில எழுத்து பொடியா இருக்கறது இதெல்லாம் ஒருநாள் பட்டா தானா சரியாயிடும், விடுங்க.

பசங்க யோசிக்கறதுக்குள்ள விடையை காட்டிடறது

எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்ற விஷயம் இதுதான். பத்தாங்கிளாஸ் மின்னோட்டவியல், தொடர் இணைப்பு. கிளாஸ் எடுத்த பொண்ணு நல்லாவே தயார் பண்ணிட்டு வந்திருந்துச்சு, கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரங்க ஃப்ரீயா குடுக்கற ஃபெட் (PhET) சிமுலேஷன்ல, அதாவது ஸ்கிரீன்லயே சோதனை பண்ணிப் பாக்கற மென்பொருள்ல, 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு ரெண்டு மாட்டி சுவிட்சை போட்டதும் எலக்ட்ரான்லாம் நீலக் கலர்ல ஓடுது, பசங்க "ஹேய்"ங்கறாங்க, புரிஞ்சுதா, புரிஞ்சுது மிஸ், உடனே பக்க இணைப்புக்கு போயாச்சு.

பெல் அடிச்சப்புறம் கடைசி பெஞ்சு பையன்கிட்ட கேட்டேன், எந்த பல்புல கரண்ட் ஜாஸ்தி போகும்டா? "முதல் பல்புலதான் சார், அது கொஞ்சத்தை தின்னுட்டு மிச்சத்தைதான அடுத்ததுக்கு விடும்." அவ்ளோ நேரம் எலக்ட்ரான் ஓடறதை பாத்துட்டு உக்காந்திருந்தவன்! அவனை குத்தம் சொல்ல முடியாது, அந்த கேள்வியை அவன்கிட்ட யாருமே கேக்கல. இந்த நினைப்போட பக்க இணைப்புக்கு போனா அங்க மொத்த கரண்ட் 1.8 ஆம்பியர்னு வர்றது ஏன்னே புரியாது, சூத்திரத்தை மனப்பாடம் பண்ணிட்டு போயிடுவான், அப்புறம் ரிவிஷன்ல முதல்ல இருந்து நாமதான் எடுக்கணும்.

அம்மீட்டரை மாட்டறதுக்கு முன்னாடி ஸ்கிரீனை மறைச்சிடுங்க. முதல் பல்புல ஜாஸ்தி, ரெண்டாவதுல ஜாஸ்தி, ரெண்டுலயும் ஒண்ணுன்னு போர்டுல மூணு சாய்ஸ் எழுதிப் போட்டு, விடையை நோட்டுல பேனாவுல எழுத சொல்லுங்க (பென்சில்னா அழிச்சுட்டு "நானும் அதான் சார் போட்டேன்"பாங்க). ரெண்டு நிமிஷம் பக்கத்துல இருக்கறவங்களோட சண்டை போடட்டும், கிளாஸ் கத்தும், பரவால்ல. அதுக்கப்புறம் அம்மீட்டரை ரெண்டு இடத்துலயும் வெச்சா ரெண்டுலயும் 0.45 ஆம்பியர் காட்டும், 9ஐ 20ஆல வகுத்து சாக்பீஸால போர்டுல போட்டுக் காட்டுங்க. "சிமுலேஷன் காட்டப்படும், 10 நிமிடம்"னு மட்டும் இருக்கற பாடக்குறிப்புல நான் கையெழுத்து போடறதில்ல, எங்க நிறுத்துவீங்க, என்ன கேப்பீங்கன்னு எழுதிட்டு வாங்கன்னு திருப்பி குடுத்துடுவேன்.

நெட் வரும்னு நம்பறது

வராது. ஃபெட்ல டவுன்லோட் குடுத்தா ஒரே ஃபைலா இறங்கும், நெட் இல்லாமலே ப்ரௌசர்ல திறக்கும், பென்டிரைவ்ல போட்டு வெச்சுக்கோங்க.

கியூஆர் வீடியோவை கிளாஸ்லயே முதல் தடவையா பாக்கறது

2018ல இருந்து வந்த புது பாடப்புத்தகத்துல கியூஆர் கோடு இருக்கு, திக்‌ஷா ஆப்ல ஸ்கேன் பண்ணா பாடத்துக்கான வீடியோ வரும். முந்தின நாளே வீட்ல முழுசா பாத்துட்டு நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் போடுங்க. முழு வீடியோவையும் ஓடவிட்டுட்டு பின்னாடி நின்னு ரெக்கார்டு திருத்தறவங்களும் இருக்காங்க, அவங்களைப் பத்தி பேசினா வாய்தான் வலிக்கும்.

"வீட்ல போய் பாருங்க"

போன் அப்பாகிட்ட. அப்பா வேலைக்கு போயிருக்காரு.

வேகத்துக்கு மார்க் குடுக்கற குவிஸ்

கஹூட்ங்கற ஆன்லைன் குவிஸ்ல சீக்கிரம் அமுக்கறவனுக்கு பாயிண்ட் ஜாஸ்தி, அதனால ஜெயிக்கறது எப்பவும் அந்த நாலு பேர்தான், அதுக்கும் ஆளுக்கொரு கருவி வேற வேணும். நம்ம கிளாஸுக்கு ப்ளிக்கர்ஸ்ங்கற ஆப் தோது. பசங்க கையில பேப்பர் அட்டை, டீச்சர்கிட்ட ஒரே ஒரு போன். அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் புடிக்கறாங்களோ அதுதான் விடை, யார் எதை சொன்னாங்கன்னு கேமராவே படிச்சிடும், வாயே திறக்காத பிள்ளை என்ன நினைக்குதுன்னும் தெரிஞ்சிடும். மேல சொன்ன பல்பு கேள்வியையே முதல்ல இதுல போட்டுப் பாருங்க. அட்டையை மட்டும் பளபளன்னு லேமினேட் பண்ணிடாதீங்க, லைட் வெளிச்சம் பட்டா கேமராவுக்கு தெரியாது.