நிச்சயமற்ற காலத்தில் குழுவை வழிநடத்தும் மேலாளருக்கு

ஆட்குறைப்பு வரப்போகிறது, நிறுவனம் கைமாறப்போகிறது என்ற பேச்சு அலுவலகத்தில் எழுந்துவிட்டால், எல்லோரும் இருக்கையில் இருந்தாலும் பாதி மனம் வேறெங்கோ இருக்கும். 2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் நடத்திய சோதனை ஒன்றில், மின்னதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, அதற்கு 50 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்தபோதுதான் பங்கேற்றவர்களின் மன அழுத்தம் அதிகமாக இருந்தது. ஆகவே, கெட்ட செய்தியைத் தள்ளிப்போடுவதே கருணை என்று மேலாளர் நினைப்பது பெரும்பாலும் தப்புக்கணக்காகவே முடியும்.

முதல் கூட்டத்திலேயே முடிவானது எது, முடிவாகாதது எது, தெரிந்தும் சொல்ல அனுமதி இல்லாதது எது என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். “அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் இன்னும் முடிவாகவில்லை, யாருடைய வேலைக்கும் என்னால் உத்தரவாதம் தர இயலாது, செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வியாழக்கிழமை 11 மணிக்கு மீண்டும் பேசுவோம்” என்பது போதும். அந்த வியாழக்கிழமை, சொல்வதற்கு ஒன்றுமில்லையே என்று கூட்டத்தை ரத்து செய்தீர்களானால், நீங்கள் சொல்லாத செய்தியை வாட்ஸ்அப் குழு அரை மணி நேரத்தில் சொல்லி முடித்திருக்கும். ஐந்து நிமிடமானாலும் கூட்டம் நடக்கட்டும். “யாருக்கும் எதுவும் ஆகாது, நான் இருக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பொய்த்துப்போனால், அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையையும் எவரும் நம்பமாட்டார்கள்.

ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறை இருபது நிமிடம் தனியாகச் சந்திப்பது நல்லது. “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால் “நன்றாக இருக்கிறேன்” என்ற பதில்தான் வரும்; “இந்த வாரம் எந்த வேலை நகராமல் நிற்கிறது?” என்று கேட்டால் பேச்சு தானாகவே மற்றவற்றுக்கும் போகும். வாய்விட்டுக் குறைசொல்பவரைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். எதையும் எதிர்த்து வாதாடிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று எல்லாவற்றுக்கும் “சரி” சொல்லத் தொடங்கினால், அவரைத்தான் முதலில் அழைத்துப் பேச வேண்டும்.

ஆண்டுத் திட்டத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த இரண்டு வாரங்களில் முடிக்கக்கூடியதை மட்டும் முன்வையுங்கள். எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும், ஏனெனில் பெரிய முடிவுகள் கைமீறிப் போகும்போது, தம் கையில் இருக்கும் சிறிய முடிவுகளே மனிதருக்குப் பிடிமானம்.

ஆட்குறைப்பு நடந்தேவிட்டால், மிஞ்சியவர்களிடம் “உங்களுக்கு வேலை இருக்கிறதே” என்ற தொனி வேண்டாம். பக்கத்து நாற்காலி காலியாகிக் கிடக்க, தான் மட்டும் தப்பிவிட்டோம் என்ற குற்ற உணர்வு அவர்களில் பலருக்கு இருக்கும். போனவரின் வேலைகளைப் பட்டியலிட்டு, எவற்றை யார் ஏற்பது, எவற்றை அடியோடு கைவிடுவது என்று அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கைவிடுவதாக எழுதியவற்றை மேலிடம் திரும்பக் கேட்டால், அதற்குப் பதில் சொல்வது உங்கள் பொறுப்பு.