டிரான்ஸ்ஃபார்மர் ப்ரீதர்: ஜெல்லின் நிறத்தைப் படிப்பதும் மாற்றுவதும்

மினரல் ஆயில் ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதன் கன அளவு சுமார் 0.07 முதல் 0.08 சதவீதம் கூடும். 10,000 லிட்டர் ஆயில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் சராசரி வெப்பநிலை 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏறினால், கிட்டத்தட்ட 375 லிட்டர் ஆயில் டேங்கிலிருந்து, அதற்கு மேலே இருக்கும் சிறு ஆயில் தொட்டியான கன்சர்வேட்டருக்கு ஏறும். லோடு இறங்கி ஆயில் குளிர்ந்தால் அதே அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வரும். அந்தக் காற்றின் ஈரம் ஆயிலில் கரைந்து, கடைசியில் சுருளின் மேல் சுற்றிய இன்சுலேஷன் காகிதத்தில் போய்ச் சேரும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் நீரில் பெரும்பங்கு காகிதத்தில்தான் இருக்கிறது. ஆயிலை வடிகட்டிவிடலாம், காகிதத்தை உலர்த்துவது பெரிய வேலை.

காற்று உள்ளே வரும் வழியில் இருப்பது ப்ரீதர். அடியில் ஆயில் கப், அதற்கு மேல் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். கப்பில் உள்ள ஆயிலுக்கு இரண்டு வேலை: தூசியைப் பிடிப்பது, காற்று நகராத நேரத்தில் ஜெல்லை வெளிக்காற்றிலிருந்து பிரித்து வைப்பது. கப் வறண்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் மூச்சே விடாவிட்டாலும் ஜெல் சில வாரங்களில் வீணாகிவிடும். ஜெல் அடிக்கடி நிறம் மாறுகிறது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கப்பைத்தான்.

நீல ஜெல் ஈரம் பிடித்தால் இளஞ்சிவப்பாகும். அந்த நீலத்துக்குக் காரணமான கோபால்ட் குளோரைடு புற்றுநோய் அபாயம் உள்ளது என்பதால், இப்போது ஆரஞ்சு ஜெல் பரவலாகிவிட்டது. அதில் சில வகை பச்சையாகும், சில நிறமற்றுப் போகும். எது எப்படி மாறும் என்று பொட்டலத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைவிட எந்தப் பக்கத்திலிருந்து மாறுகிறது என்பதே அதிகம் சொல்லும். காற்று கீழிருந்து வருவதால் நிறம் அடியிலிருந்து மேலாக மாறுவதுதான் இயல்பு. மேல்பகுதி முதலில் மாறியிருந்தால் ப்ரீதரின் மேல் கேஸ்கெட்டிலோ, கன்சர்வேட்டருக்குப் போகும் பைப் இணைப்பிலோ காற்றுக் கசிவு இருக்கிறது. ஜெல் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. பழுப்பாகவோ கறுப்பாகவோ ஆகியிருந்தால் ஆயில் பட்டிருக்கிறது: கன்சர்வேட்டர் அளவுக்கு மேல் நிரம்பியிருக்கலாம், கப்பில் ஊற்றிய ஆயில் மேலே இழுக்கப்பட்டிருக்கலாம், ஏர் செல் வகையில் (கன்சர்வேட்டருக்குள் காற்றையும் ஆயிலையும் பிரிக்கும் ரப்பர் பை உள்ள வகை) அந்தப் பை கிழிந்திருக்கலாம். மாதக்கணக்கில் நிறமே மாறாத ஜெல்லையும் நம்பாதீர்கள். லோடு ஏறி இறங்கியும் கப்பில் ஒரு குமிழிகூட வரவில்லை என்றால், மூச்சு வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது வழி அடைபட்டிருக்கிறது.

பாதிக்கு மேல் நிறம் மாறியதும் மாற்றிவிடுவது நல்லது. மழை நாளையும், ஆயில் குளிர்ந்து காற்றை உள்ளிழுக்கும் மாலை இரவு நேரத்தையும் தவிருங்கள். லோடு ஏறிக்கொண்டிருக்கும் நேரமே சரி. அப்போது காற்று வெளியே வந்துகொண்டிருக்கும். மின்சாரம் ஓடும்போது செய்வதானால் பெர்மிட், பாதுகாப்பு இடைவெளி இரண்டும் கட்டாயம். வழி அடைபட்டிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், தேங்கிய அழுத்தம் திடீரென விடுபட்டு ஆயில் பாய்ந்து, டேங்குக்கும் கன்சர்வேட்டருக்கும் இடையிலுள்ள பாதுகாப்புக் கருவியான புக்கோல்ஸ் ரிலே டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்துவிடக்கூடும். அதனால் அதன் டிரிப்பை என்ன செய்வது என்பதைப் பொறுப்பாளரிடம் முன்பே முடிவு செய்துகொண்டு, ஃபிளாஞ்சை மெதுவாகத் தளர்த்துங்கள்.

ப்ரீதரைக் கழற்றியதும் பைப்பின் வாயைச் சுத்தமான பாலித்தீனால் தளர்வாக மூடுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம். பழைய ஜெல்லைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தூசி கிளம்பாமல் கொட்டுங்கள். கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். கேஸ்கெட் கெட்டியாகியிருந்தால் புதிது போடுங்கள். புதிய ஜெல்லைக் காற்றுப்புகாத டப்பாவிலிருந்து நேராகக் கொட்டி, மேலே 15 முதல் 20 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். தூளாக இருப்பதைச் சலித்து நீக்குங்கள். அது காற்று வழியை அடைக்கும். கப்பில் சுத்தமான டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலைக் குறியிட்ட கோடுவரை மட்டும் ஊற்றுங்கள்.

புதிய ப்ரீதர் மாட்டுகிறவர்கள் அதிகம் தவறவிடுவது ஒன்று உண்டு: போக்குவரத்துக்காக ஒட்டிய டேப்பும், கப்பின் மேல் வைத்த ரப்பர் வாஷரும். அவற்றை நீக்காவிட்டால் சூடேறும்போது டேங்கில் அழுத்தம் கூடி பிரஷர் ரிலீஃப் கருவி திறக்கக்கூடும்; குளிரும்போது வெற்றிடம் உண்டாகி, பலவீனமான கேஸ்கெட் வழியே ஈரக்காற்று நுழையும். மாட்டி முடித்து, லோடு மாறும்போது கப்பில் குமிழி வருவதைக் கண்ணால் பார்க்காமல் இடத்தை விட்டுப் போகாதீர்கள்.

ஆயில் படாத பழைய ஜெல்லை மெல்லிய அடுக்காகத் தட்டில் பரப்பி, ஓவனில் 120 முதல் 130 டிகிரியில் பழைய நிறம் திரும்பும்வரை காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். சூடு மிகுந்தால் நிறம் காட்டும் வேதிப்பொருள் கெட்டுவிடும். ஆயில் பட்டதைக் காயவைக்க முயல வேண்டாம், அது கழிவுதான்.

ப்ரீதர் சரியாக இருந்தும் ஆயில் கன்சர்வேட்டரின் ஃபில்லர் (ஆயில் ஊற்றும் வாய்) வரை ஏறுகிறது என்றால், குளிர்ந்த நேரத்தில் யாரோ மேல் குறிவரை நிரப்பியிருப்பார்கள். மட்டம் காட்டும் கேஜில் வெப்பநிலைக் குறிகள் இருப்பது இதற்காகவே. அப்போதைய ஆயில் வெப்பநிலைக்கு உரிய குறிவரை மட்டும் நிரப்ப வேண்டும். டேங்கிலிருந்து வரும் பைப் கன்சர்வேட்டரின் அடித்தளத்துக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே தங்கும் நீரும் கசடும் டேங்குக்கு இறங்காமல் இருக்க அந்த அமைப்பு. டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தும்போதெல்லாம் அங்குள்ள டிரெயின் வால்வைத் திறந்து கொஞ்சம் ஆயில் எடுத்துப் பாருங்கள். நீர்த்துளி தெரிந்தால் டேங்க் ஆயிலின் ஈரத்தையும் முறிவு மின்னழுத்தத்தையும் (எத்தனை வோல்ட்டில் ஆயிலின் காப்பு உடைகிறது என்பதையும்) சோதிக்க வேண்டும்.

டேங்கின் பக்கங்களில் உள்ள மடிப்புத் தகடுகளான ஃபின்கள் விரிந்து சுருங்கி இடம் கொடுக்கும் முழுதும் மூடிய வகை டிரான்ஸ்ஃபார்மர்களில் ப்ரீதரே கிடையாது. அவற்றில் மாதிரி எடுப்பதற்காகக்கூட தயாரிப்பாளரின் வழிமுறை இல்லாமல் வால்வைத் திறக்கக் கூடாது.