கப்பல் காலை 7 மணிக்கு வந்தால் உட்லண்ட்ஸில் எந்த ரயிலைப் பிடிக்கலாம்?

சிங்கப்பூரின் மரீனா பே கப்பல் முனையத்துக்குக் காலை 7 மணிக்கு வந்து சேரும் என்று பயணத் திட்டத்தில் போட்டிருக்கும். அதை நம்பிப் பலர், உட்லண்ட்ஸிலிருந்து எல்லை தாண்டி ஜோகூர் பாருவுக்கு ஓடும் தெப்ராவ் ரயிலில் 9.45 வாக்கில் கிளம்புவதற்குச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். 7 மணி என்பது கப்பலைக் கரையில் கட்டும் நேரம்தான். நீங்கள் கால் வைக்கும் நேரம் வேறு. அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி கொடுக்கும்வரை ஒருவரும் இறங்க முடியாது. அதற்கு அரை மணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம்.

ஜோகூர் பாரு, குளுவாங், சிகாமட், கோலாலம்பூர் என்று ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் கணக்கை ரயிலிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். 11 மணி ரயில் என்று வைத்துக்கொள்வோம். உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியில் 10.30க்கு நிற்க வேண்டும். சிங்கப்பூரை விட்டு வெளியேறும் குடிநுழைவுச் சோதனை, மலேசியாவுக்குள் நுழையும் சோதனை இரண்டும் அங்கேயே முடிந்துவிடுவதால் கதவை முன்கூட்டியே மூடிவிடுவார்கள். மார்சிலிங் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்திலிருந்து சாவடிக்குப் பெட்டியோடு நடக்க 15 முதல் 20 நிமிடம். மரீனா சவுத் பியரிலிருந்து மார்சிலிங் வரை 20 நிறுத்தங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். முனையத்திலிருந்து எம்ஆர்டிக்கு நடந்து இறங்க 10 முதல் 15 நிமிடம். ஆக, 8.30க்குக் குடிநுழைவும் சுங்கமும் முடிந்து வெளியே வந்தால்தான் 11 மணி ரயில். அதற்கு 8 மணிக்குக் கப்பலின் படிப்பாலத்தில் இருக்க வேண்டும். கப்பல் 7க்குக் கட்டி, பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்கினால் இது நடக்கும். பெட்டியைக் கப்பல்காரர்களிடம் கொடுத்திருந்தால் 12.30 ரயிலைப் பாருங்கள்.

பகலில் ஒரு தெப்ராவுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் இடைவெளி. ஒன்றைத் தவறவிட்டால் போவது அந்த நேரம் மட்டும் அல்ல, அடுத்ததில் இடமும் இருக்காது. வார இறுதி, பள்ளி விடுமுறை, தீபாவளி நெருக்கத்தில் சீட்டுகள் பல நாள் முன்பே தீர்ந்துவிடும். சீட்டு விலை உட்லண்ட்ஸிலிருந்து 5 சிங்கப்பூர் வெள்ளி, ஜோகூரிலிருந்து 5 ரிங்கிட். இவ்வளவு மலிவான சீட்டுக்கு ஒரு காப்புறுதி உண்டு: 11 மணிக்கும் 12.30க்கும் இரண்டு சீட்டு எடுத்துவிடுவது. 5 வெள்ளி வீணானால் போகட்டும். நேர அட்டவணை மாறும் என்பதால் மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் செயலியில் அந்த நாளுக்குரியதைப் பார்த்தே எடுங்கள்.

பெட்டி விஷயத்துக்கு வருவோம். கடைசி இரவு வண்ண அட்டையோ எண் அட்டையோ கொடுத்து, பெட்டியை இரவு 11 மணி வாக்கில் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். வைத்தால், காலையில் உங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு முனையத்துக் கூடத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே உங்களுடையதைத் தேட வேண்டும். ரயிலுக்குப் போகிறவருக்கு இது ஒத்துவராது. பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்கும் முறைக்கு ‘செல்ஃப் அசிஸ்ட்’ அல்லது ‘வாக் ஆஃப்’ என்று கப்பலுக்குக் கப்பல் பெயர் மாறும். அதற்கு வாடிக்கையாளர் சேவை முகப்பிலோ கப்பலின் செயலியிலோ முந்தைய நாள் மதியத்துக்குள் பெயர் கொடுங்கள். ஒரே நிபந்தனை: உங்கள் சாமான்கள் அத்தனையையும் நீங்களே, ஒரே நடையில், தேவைப்பட்டால் படிக்கட்டில்கூடத் தூக்க முடிய வேண்டும். காலை 7.30க்கு மின்தூக்கிகள் ஒவ்வொரு தளத்திலும் நிறைந்தே வரும். வயதான பெற்றோருடன் போகிறவர்கள் இதில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பெரிய பெட்டிகளை மட்டும் இரவே கொடுத்துவிட்டு, முன்னதாகக் கூப்பிடும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ரயில் நேரத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

இரவே பெட்டியைக் கொடுப்பவர்கள் கைப்பையில் வைத்திருக்க வேண்டியவை: கடப்பிதழ், மருந்து, கைத்தொலைபேசி மின்னூட்டி, மறுநாள் உடை, காலணி. கடைசி இரண்டைப் படித்துச் சிரிக்காதீர்கள், இரவு உடையோடும் ரப்பர் செருப்போடும் குடிநுழைவு வரிசையில் நிற்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். சில கப்பல்களில் ஏறும்போதே கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எந்தத் தளத்தில், எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்பதை முந்தைய நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

கப்பல் கணக்கையும் அன்றிரவே முடித்துவிடுங்கள். கடன் அட்டையைப் பதிந்திருந்தால் தானாகக் கழிந்துவிடும், ஆனாலும் தொகையை ஒருமுறை பாருங்கள். குடிக்காத குளிர்பானத்துக்கு வந்த கட்டணத்தை இரவு 10 மணிக்குக் கேட்டால் ஐந்து நிமிட வேலை. காலை 7 மணிக்குக் கேட்டால் நீண்ட வரிசை. ரொக்கம் கட்டியவர்கள் முகப்புக்குப் போயே ஆக வேண்டும். பாக்கி இருந்தால் படிப்பாலத்தில் கப்பல் அட்டையைத் தட்டும்போது நிறுத்திவிடுவார்கள்.

புக்கெட், வியட்னாம் பக்கம் போய்வரும் கப்பல்களில் இன்னொரு சிக்கல். அங்கே சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய நேரம். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது, கைத்தொலைபேசி எதைக் காட்டுகிறது என்று கடைசி இரவில் சரிபார்க்காமல் அலாரம் வைக்காதீர்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையைப் பலர் மறக்கிறார்கள். நிலவழியாக வரும் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது தேவையில்லை என்பதால் கடல்வழிக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். கப்பலில் திரும்பும்போது எல்லோரும் நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம், இலவசம். குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் தளத்தில் மட்டும் செய்யுங்கள், பணம் கேட்கும் தளங்கள் வேண்டாம். கப்பலின் இணையம் ஆமை வேகம், ஆகவே கடைசித் துறைமுகத்தில் கரையில் இருக்கும்போதே முடித்துவிடலாம். அதோடு மலேசிய மின்னியல் வருகை அட்டையையும் பாருங்கள். மலேசியர்களுக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் அது வேண்டாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசிகளுக்கு வேண்டும்.

சுங்கத்தில் நேரம் போவது பெரும்பாலும் மதுவாலும் சிகரெட்டாலும்தான். சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் வரிவிலக்கே கிடையாது, ஒரு பாக்கெட்டுக்கும் தீர்வை உண்டு. கடைசியாக மலேசியத் துறைமுகத்திலிருந்து வருகிறீர்கள் என்றால் மதுவுக்கும் சலுகை இல்லை. மற்ற நாட்டிலிருந்து வந்தாலும் குறைந்தது 48 மணி நேரம் வெளியே இருந்திருக்க வேண்டும். சிவப்பு வழியில் போய் அறிவித்துப் பணம் கட்ட 20 நிமிடமாவது ஆகும். ரயிலுக்கு ஓடுகிற நாளில் கப்பல் கடையில் புட்டி வாங்காமல் இருப்பது மேல்.

வெளியே வந்ததும் டாக்சியா எம்ஆர்டியா? காலையில் உட்லண்ட்ஸ் பக்கம் போகும் சாலை நகருக்குள் வரும் சாலையைவிடக் காலியாக இருக்கும். காரில் 35, 40 நிமிடத்தில் போய்விடலாம். சிக்கல் டாக்சி வரிசையில்தான். ஒரே காலையில் இரண்டு கப்பல்கள் கட்டியிருந்தால் வரிசையைப் பார்த்ததுமே எம்ஆர்டிக்கு நடந்துவிடுங்கள். மரீனா சவுத் பியர் வடக்கு–தெற்குப் பாதையின் கடைசி நிலையம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும், பெட்டியை ஓரமாக வைக்கலாம். மரீனா பேயில் தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்கு மாறினால் உட்லண்ட்ஸுக்குச் சற்று விரைவாகப் போகலாம்தான். ஆனால் நீண்ட நடை, மின்படிகள், மறுபடி கூட்டம். கனமான பெட்டி இருந்தால் மாறாமல் போவதே நல்லது. ஹார்பர்ஃபிரண்ட் முனையத்தில் இறங்குகிறவர்கள் வடகிழக்குப் பாதையில் ஏறி தோபி காட்டில் மாறலாம்.

உட்லண்ட்ஸில் ரயில் சோதனைச்சாவடி தனிக் கட்டடம். பேருந்துகளும் கார்களும் போகும் சோதனைச்சாவடிக்குப் போய் ரயிலைக் கேட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான். டாக்சி ஓட்டுநரிடம் ‘உட்லண்ட்ஸ் டிரெயின் செக்பாயிண்ட்’ என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். ரயில் ஓடுவது 5 நிமிடம். ஜோகூர் பாரு சென்ட்ரலில் குடிநுழைவுச் சோதனை இல்லை, நேராக வெளியே வரலாம். அங்கிருந்து கோலாலம்பூருக்கு 2025 டிசம்பர் முதல் ஓடும் இடிஎஸ் மின்ரயிலுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேர இடைவெளி வையுங்கள். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் என்ற புதிய எல்லை ரயில் ஓடத் தொடங்கியதும் இந்தக் கணக்கையெல்லாம் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

தெப்ராவைத் தவறவிட்டால் அடுத்த ரயிலுக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம். உட்லண்ட்ஸ் பேருந்து முனையத்திலிருந்து 950, கிராஞ்சியிலிருந்து 170 அல்லது மஞ்சள் பேருந்து சிடபிள்யூ1. சிங்கப்பூர்ச் சாவடியில் பெட்டியோடு இறங்கி, சோதனை முடித்து, அதே எண் பேருந்தில் மறுபடி ஏறுங்கள். மலேசியச் சாவடியில் இறங்கியதும் மேல்நடைபாதை வழியே ஜோகூர் பாரு சென்ட்ரலுக்கு நடந்தே போகலாம். சாதாரண நாளில் முக்கால் மணி நேரம், சனிக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

பினாங்கிலேயே இறங்கிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், ஆனால் நினைத்தவுடன் அல்ல. பயணத்தை நடுவில் முடிப்பதற்குக் கப்பல் நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும், அந்தத் துறைமுகத்தின் குடிநுழைவும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஏறுவதற்குச் சில வாரங்கள் முன்பே கேளுங்கள். மீதி நாளுக்குப் பணம் திரும்பாது. ஒப்புதல் கிடைத்தால் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து படகுத்துறைக்குப் பத்து, பதினைந்து நிமிட நடை. படகில் பட்டர்வொர்த் போனால் பக்கத்திலேயே இடிஎஸ் நிலையம். கிள்ளான் துறைமுகத்தில் அவ்வளவு சுலபம் இல்லை. கப்பல் முனையம் புலாவ் இண்டாவில் இருக்கிறது, கொமியூட்டர் (புறநகர் ரயில்) நிலையத்துக்கு வாடகைக் கார் பிடித்தே ஆக வேண்டும்.