மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிட
மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்டதும் நிறுத்தி, விநாடிகளை 3-ஆல் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும். 9 விநாடி என்றால் 3 கிலோமீட்டர். வெளிச்சம் நொடியில் கண்ணுக்கு எட்டிவிடும். ஒலியோ விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நகரும். கடிகாரம் இல்லையா? 'நூற்றியொன்று, நூற்றியிரண்டு' என்று நிதானமாகச் சொல்லுங்கள், ஏறக்குறைய சரியாக இருக்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் பறிக்கும் நேரத்தில்தான் கோடை இடிமழையும் வரும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கான்கிரீட் வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே தோப்புக்குத் திரும்பலாம்.

அடுத்தடுத்து வெட்டும்போது இந்தக் கணக்கு உதவாது. எந்த இடி எந்த மின்னலுடையது என்று பிரிக்க முடியாது. மலையடிவாரத்தில் எதிரொலி உருண்டுகொண்டே இருக்கும், முதல் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.